இனிப்புப் பழக்கமும் அதன் நிவாரணமும்

சர்க்கரையைப் பற்றி நம்மிடையே இன்று இரண்டு அபிப்பிராயங்கள் வழங்கி வருகின்றன. அது அபினுக்கும் சாராயத்துக்கும் நிகரான போதைப் பொருள் என்றும், அதன் பிடியில் சிக்கியவன் மீள்வது அரிது என்றும் சொல்வோர் ஒரு சாரார். அது சாதாரண ஆகாரமே, உழைப்பவனுக்குச் சக்தி தருவதே, அளவறிந்து உண்டால் அதனால் ஒரு தீங்கும் இல்லை என்போர் மற்றொரு சாரார். முதற்கட்சியார் பயத்தை வளர்க்கிறார்கள். இரண்டாங்கட்சியாரோ, அந்த அளவு எது என்பதைச் சொல்லாமலே அளவைப் பற்றிப் பேசுகிறார்கள். ஆகவே, அபூர்வமாயிருந்த ஒரு பதார்த்தம் எவ்வாறு அன்றாடப் பண்டமாயிற்று, சரீரத்தினுள் புகுந்து அது என்ன செய்கிறது, அதன்மேல் எழும் வேட்கையை அடிமைத்தனம் என்று அழைக்க நியாயம் உண்டா, அதனால் விளைவதாகச் சொல்லப்படும் வியாதிகளுக்கு ஆதாரம் எவ்வளவு வலிமையுடையது, அப்பழக்கத்தை வெல்லும் மார்க்கம் யாது என்னும் ஐந்து விஷயங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக விசாரிப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

அபூர்வம் மலிவான கதை

கரும்பு தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. அதியமானின் முன்னோர் அதனை இந்நாட்டுக்குக் கொண்டுவந்த பெருமையைப் புறநானூறு குறிப்பிடுகிறது. அலெக்சாந்தரின் படையோடு வந்த நியார்க்கஸ் என்னும் கடற்படைத் தலைவன், தேனீக்களின் உதவியின்றியே தேன் தரும் நாணல் இந்தியாவில் உண்டு என்று வியந்து எழுதியதாகப் பழைய கிரேக்க ஆசிரியர்கள் கூறுவர். கரும்புச் சாற்றைக் காய்ச்சிக் கட்டியாக்கும் வித்தையும் இந்தத் தேசத்திலிருந்தே மேற்கே சென்றது. ஆனால் அக்காலத்தில் இனிப்பு என்பது மருந்திலும் நைவேத்தியத்திலும் விருந்திலும் இடம் பெற்ற விசேஷப் பொருளாக இருந்ததேயன்றி, காலை எழுந்தவுடன் கையில் எடுக்கும் பொருளாக இருக்கவில்லை.

அதனை அன்றாடப் பண்டமாக மாற்றியது வர்த்தகம். அந்த வர்த்தகத்தின் அடியில் கிடந்ததோ மனிதர்களின் துயரம். மேற்கிந்தியத் தீவுகளில் ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டு பயிரிட்ட கரும்பு, ஐரோப்பாவின் தேநீர்க் கோப்பையை நிறைத்தது. இங்கிலாந்தில் 1700-ஆம் ஆண்டையொட்டித் தலைக்கு ஆண்டொன்றுக்குச் சுமார் 4 ராத்தலாக இருந்த சர்க்கரைச் செலவு, ஒரு நூற்றாண்டுக்குள் 18 ராத்தலாக உயர்ந்தது என்று சிட்னி மின்ட்ஸ் என்னும் மானிடவியல் அறிஞர் கணக்கிட்டிருக்கிறார். அடிமை முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்ட பின்னர், அந்த இடத்தை நிரப்ப ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களில் தமிழர்கள் அநேகர். மொரீஷியஸுக்கும், 1860 முதல் நேட்டாலுக்கும், பின்னர் பிஜித் தீவுக்கும் சென்ற அவர்களுடைய கண்ணீரைப் பாரதியார் பாடியிருக்கிறார் என்பதை நாம் அறிவோம். இன்று நாம் அலட்சியமாகக் கரண்டியால் அள்ளும் வெண்மையான பொருளின் மலிவு இப்படிப்பட்ட விலை கொடுத்து வாங்கப்பட்டது.

நம் நாட்டில் அதை மலிவாக்கியதில் தமிழகத்துக்கும் பங்கு உண்டு. 1912-ல் கோயம்புத்தூரில் நிறுவப்பட்ட கரும்பு இன ஆராய்ச்சி நிலையத்தில் பார்பர் என்ற ஆங்கிலேயரும் டி. எஸ். வெங்கட்ராமனும், காட்டில் தானே வளரும் நாணற்கரும்பையும் பயிர்க் கரும்பையும் கலந்து உண்டாக்கிய புதிய இனங்கள் வட இந்திய வயல்களின் விளைச்சலையே மாற்றிவிட்டன; அவற்றுள் கோ 205 என்பது 1918-ல் வெளிவந்தது. 1932-ல் சர்க்கரைத் தொழிலுக்குப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டதும், முப்பது சொச்சமாயிருந்த ஆலைகள் சில ஆண்டுகளிலேயே நூற்றைக் கடந்தன. பிற்காலத்தில் சர்க்கரை ரேஷன் கடையில் மானிய விலைக்குக் கிடைக்கும் அத்தியாவசியப் பொருளாயிற்று. அரிசி வேண்டாதவர்களுக்கென்று சர்க்கரை அட்டை என்றே ஒருவகைக் குடும்ப அட்டையும் தமிழ்நாட்டில் ஏற்பட்டது. ஆகவே இனிப்புப் பழக்கம் தனி மனிதனின் பலவீனத்தால் மாத்திரம் வந்ததென்று சொல்வது சரித்திரத்துக்கு ஒவ்வாது. இருநூறு ஆண்டுகளாக ராஜ்யங்களும் ஆலைகளும் விஞ்ஞானமும் கூடி ஏற்படுத்திய சௌகரியம் அது.

சரீரத்தினுள் நிகழ்வது

வெள்ளைச் சர்க்கரை ஏறக்குறைய முழுவதும் சுக்ரோஸ் என்னும் ஒரே பொருளாலானது. சிறுகுடலில் அது குளுக்கோஸ், பிரக்டோஸ் என இரண்டாகப் பிரிகிறது. குளுக்கோஸ் இரத்தத்தில் கலந்து, கணையத்திலிருந்து இன்சுலினை வரவழைத்து, அதன் துணையால் தசைகளுக்கும் பிற அவயவங்களுக்கும் சக்தியாகப் பயன்படுகிறது. பிரக்டோஸோ பெரும்பாலும் ஈரலுக்கே செல்கிறது; அங்கே உடனடித் தேவைக்கு மிஞ்சியது கொழுப்பாக மாற்றப்படுகிறது. இந்த வேலையை ஈரல் சிறிது சிறிதாகச் செய்ய நேர்ந்தால் கேடில்லை. ஒரு கொய்யாப்பழத்தைக் கடித்துத் தின்னும்போது அதிலுள்ள இனிப்பு நாரோடும் நீரோடும் கலந்து மெல்ல உள்ளே செல்கிறது, வயிறும் நிறைகிறது. அதே அளவு இனிப்பையோ அதற்கு மேலோ ஒரு புட்டிப் பானமாக ஒரே மூச்சில் குடிக்கும்போது, ஈரலின்மேல் பாரம் திடீரென விழுகிறது. வயிறு நிறைந்த உணர்ச்சியும் ஏற்படுவதில்லை. சாதாரணக் கோலா பானத்தில் 100 மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 10.6 கிராம் சர்க்கரை இருக்கிறது. 300 மில்லிலிட்டர் புட்டியொன்றில் எட்டுத் தேக்கரண்டி அடங்கியிருப்பதாகக் கொள்ளலாம்.

அளவு என்று சொன்னோமே, அது எது? உலக சுகாதார நிறுவனம் 2015-ல் வெளியிட்ட நெறிமுறையின்படி, ஒருவர் நாள்தோறும் பெறும் மொத்தச் சக்தியில் 10 சதவீதத்துக்கு மேல், உணவிலும் பானத்திலும் சேர்க்கும் சர்க்கரை முதலான தனிச்சர்க்கரையிலிருந்து வரலாகாது. 5 சதவீதத்துக்குள் நின்றால் இன்னும் நலம். 2000 கலோரி உண்பவருக்கு இது முறையே 50 கிராமும் 25 கிராமும் ஆகும். நாளைக்கு நான்கு வேளை காப்பியோ தேநீரோ அருந்தி, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை கலப்பவர், வேறு இனிப்பு ஒன்றும் தொடாமலே 32 கிராமை எட்டிவிடுகிறார். அதிகம் உண்பதாக அவர் ஒருபோதும் நினைப்பதில்லை என்பதே இதில் கவனிக்கத்தக்கது.

அடிமைத்தனமா, பழக்கமா?

இனிப்பின்மேல் உள்ள ஆசை மனித சுபாவத்தோடு பிறந்தது. பிறந்த சில மணி நேரமே ஆன சிசுவின் நாவில் இனிப்பு நீரைத் தடவினால் அதன் முகம் மலர்கிறது. கசப்பைத் தடவினால் சுளிக்கிறது. தாய்ப்பாலே இனிப்பானதுதான். இந்தச் சுபாவமான விருப்பம் எப்போது அடிமைத்தனமாகிறது என்பதே விவாதத்துக்குரிய விஷயம்.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பார்ட் ஹோபெலும் நிக்கோல் அவெனாவும் எலிகளைக் கொண்டு நடத்திய சோதனைகள் முதற்கட்சியாருக்குப் பெரிய ஆதாரமாயின. தினமும் பல மணி நேரம் பட்டினி போட்டுப் பின்னர் சர்க்கரை நீரைக் கொடுத்து வந்தபோது, அந்த எலிகள் அளவு மீறிக் குடித்தன. மூளையில் டோபமைன் என்னும் இரசாயனம் மீண்டும் மீண்டும் பெருகிற்று. அபின் வகை மருந்துகளின் வேகத்தைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தியபோது, போதையை விட்டவர்களுக்கு உண்டாவது போன்ற நடுக்கமும் அவற்றிடம் காணப்பட்டது. ஆனால் இந்தச் சோதனையின் உயிர்நாடி பட்டினியும் விருந்தும் மாறி மாறி வருவதில்தான் இருக்கிறது. சர்க்கரை எப்போதும் கிடைத்த எலிகளிடம் இக்குறிகள் அவ்வாறு தோன்றவில்லை. மனிதரைப் பற்றிய ஆதாரங்களை 2016-ல் மதிப்பிட்ட கேம்பிரிட்ஜ் அறிஞர்கள், சர்க்கரை அடிமைத்தனம் என்னும் கொள்கைக்குப் போதிய சான்று இல்லை என்றே முடிவு கூறினர். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-ல் வெளியிட்ட நோய்ப் பட்டியலிலும் அதற்கு இடம் தரப்படவில்லை. டோபமைன் பெருகுவதை மாத்திரம் கொண்டு ஒன்றைப் போதை எனலாமென்றால், நல்ல சங்கீதம் கேட்பதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டிவரும். மேலும், வெறும் சர்க்கரையைக் கைநிறைய அள்ளித் தின்பவரை நாம் காண்பதில்லை. நெய்யோடும் மாவோடும் பாலோடும் சேர்ந்து லட்டாகவும் அல்வாவாகவும் சாக்லேட்டாகவும் வரும்போதுதான் அளவு தவறுகிறது.

இதனால் ஆசை பொய்யென்று ஆகிவிடாது. இனிப்பைக் குறைத்த முதற்சில நாட்களில் தலைவலி, சோர்வு, எரிச்சல் ஆகியவற்றைப் பலர் உணர்கிறார்கள். அவர்கள் படும் அவஸ்தை உண்மையானதே. ஆனால் அதற்குப் பொருத்தமான பெயர் பழக்கம் என்பது. அந்தப் பழக்கம் நேரத்தோடும், இடத்தோடும், சகவாசத்தோடும், மனநிலையோடும் கட்டுண்டு கிடக்கிறது. மாலை நான்கு மணியானால் தேநீர், விருந்தாளி வந்தால் காப்பி, வேலையில் களைப்பு வந்தால் பிஸ்கட், நல்ல செய்தி வந்தால் பால்கோவா என்று ஒவ்வொரு தருணமும் ஓர் இனிப்பைத் தன்னோடு இழுத்து வருகிறது. அடிமைத்தனம் என்று நினைப்பவன் தன்னால் ஆகாது என்று கைவிடுவான். பழக்கம் என்று அறிந்தவன் அக்கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்க முயல்வான். ஆகவே இந்தப் பெயர் விவாதம் வீண் விவாதமன்று.

வியாதிகளும் ஆதாரங்களும்

பல்லுக்குச் சர்க்கரை செய்யும் கேட்டில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஸ்வீடன் தேசத்தில் வீப்பெஹோல்ம் என்னும் மனநல விடுதியில் 1945 முதல் சில ஆண்டுகள் நடந்த ஆராய்ச்சியில், சாப்பாட்டோடு உண்ட இனிப்பைவிட, இடைவேளைகளில் தின்ற ஒட்டும் மிட்டாயே பற்களை மிகுதியாக அரித்தது என்று தெரிந்தது. தங்கள் சம்மதத்தைச் சொல்ல இயலாத நோயாளிகளின் பற்களை வேண்டுமென்றே பாழாக்கிப் பெற்ற ஞானம் அது. அதைப் பயன்படுத்தும் நாம் அந்த அநியாயத்தையும் நினைவில் வைக்க வேண்டும்.

நீரிழிவைப் பற்றியோ பாமர நம்பிக்கைக்கும் உண்மைக்கும் இடையே சிறிது தூரம் உண்டு. சர்க்கரை தின்றதாலேயே சர்க்கரை வியாதி வந்தது என்று நேர்க்கோடு கிழிப்பது சரியன்று. வம்சம், உடற்பருமன், உழைப்பின்மை, தட்டு நிறைய வெள்ளைச்சோறு ஆகிய யாவும் இதில் பங்குபெறுகின்றன. ஆயினும் நாளொன்றுக்கு ஒன்றிரண்டு இனிப்புப் பானங்கள் அருந்துவோருக்கு, அவற்றை அருந்தாதவர்களைக் காட்டிலும் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு 26 சதவீதம் அதிகம் என்று 2010-ல் பல ஆய்வுகளைத் தொகுத்த ஆராய்ச்சியாளர்கள் கண்டனர். ஈரலிலும் இடுப்பைச் சுற்றியும் கொழுப்பு சேரச் சேர, இன்சுலினுக்கு உடல் செவிசாய்ப்பது குறைகிறது என்பதே இதன் காரணம். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1948-ல் டாக்டர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கென்று தனிச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கிய காலத்தில் இந்நோய் வசதி படைத்தோரின் வியாதியாகவே கருதப்பட்டது. 2023-ல் வெளியான தேசிய ஆய்வோ, இந்தியாவில் நீரிழிவுள்ளோர் 10 கோடிக்கு மேல் என்றும், தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14.4 சதவீதம் பேருக்கு அது இருக்கிறது என்றும் தெரிவிக்கிறது. வியாதி கிராமத்தையும் குடிசையையும் எட்டிவிட்டது.

இருதயத்தைப் பற்றிய ஆராய்ச்சியிலும் இதே போக்குத் தென்படுகிறது. 2014-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், சேர்க்கப்பட்ட சர்க்கரையிலிருந்து 17 முதல் 21 சதவீதம் சக்தி பெற்றவர்களிடையே இருதய நோயால் இறக்கும் அபாயம், 8 சதவீதமளவில் நின்றவர்களைவிட 38 சதவீதம் கூடுதலாக இருந்தது. இவை உற்றுநோக்கிக் கண்ட தொடர்புகளேயன்றி முற்றான நிரூபணம் அல்ல என்று மறுப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஓரளவு விடையாக அமைந்தது, பிரிட்டனின் யுத்தகால ரேஷனை வைத்து 2024-ல் வெளியான ஆராய்ச்சி. அங்கே சர்க்கரைக் கட்டுப்பாடு 1953 செப்டம்பரில் நீங்கியதும், நாளொன்றுக்குத் தலைக்கு 40 கிராமளவில் இருந்த செலவு சில மாதங்களில் இரட்டித்தது. கட்டுப்பாட்டுக் காலத்தில் கருவிலும் குழவிப் பருவத்திலும் இருந்தவர்களுக்கு, பின்னால் பிறந்தவர்களைக் காட்டிலும் முதுமையில் நீரிழிவு வரும் வாய்ப்பு சுமார் 35 சதவீதமும், இரத்தக் கொதிப்பு வரும் வாய்ப்பு சுமார் 20 சதவீதமும் குறைவாயிருந்தது. யாரும் திட்டமிடாத சோதனை அது. ஆதலால் அதன் சாட்சியம் கனமானது.

இவ்வளவு தெளிவு இத்தனை தாமதமாக வந்ததேன் என்று கேட்கலாம். ஜான் யுட்கின் என்னும் ஆங்கிலப் பேராசிரியர் 1972-லேயே சர்க்கரையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி நூல் எழுதினார். விஞ்ஞான உலகம் அவரைப் பரிகசித்து ஒதுக்கியது. அமெரிக்கச் சர்க்கரை ஆராய்ச்சி நிதியம் ஹார்வர்டு அறிஞர்களுக்குப் பணம் கொடுத்து, இருதய நோயின் பழியைக் கொழுப்பின்மேல் சுமத்தும் கட்டுரை 1967-ல் வெளிவர வழிசெய்தது என்பதைப் பழைய கடிதங்களைத் தேடியெடுத்த ஆய்வாளர்கள் 2016-ல் அம்பலப்படுத்தினர். அதற்காகக் கொழுப்பு குற்றமற்றது என்றோ, யுட்கின் சொன்னவையெல்லாம் மெய் என்றோ ஆகாது. சர்க்கரை குழந்தைகளைத் துள்ளித் திரியச் செய்கிறது என்னும் நம்பிக்கைகூட, 1995-ல் தொகுத்து ஆராயப்பட்டபோது ஆதாரமற்றதாகவே முடிந்தது. குற்றம் சாட்டுவதிலும் நியாயம் வேண்டும்.

போலி நிவாரணங்கள்

வெள்ளைச் சர்க்கரையை விட்டேன் என்று பெருமை கொள்வோர் பலர் வெல்லத்துக்கோ கருப்பட்டிக்கோ தேனுக்கோ மாறியிருப்பார்கள். அவற்றில் சிறிது தாதுப் பொருள் உண்டென்பது மெய்யே; ஆனால் பெரும்பகுதி சர்க்கரைதான். தேனும் பழச்சாறும்கூட உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் தனிச்சர்க்கரையே. இது வலக்கைச் சுமையை இடக்கைக்கு மாற்றிக்கொள்வது போன்றது. செயற்கை இனிப்புகளும் முழு விடையாகா. உடல் எடையைக் கட்டுப்படுத்துவதற்கென அவற்றை நாட வேண்டாம் என்று அதே நிறுவனம் 2023-ல் அறிவுறுத்தியது. நாவின் இனிப்புப் பழக்கத்தையும் அவை மாற்றுவதில்லை. குழந்தைகளுக்குப் புஷ்டி தருவதாக விற்கப்படும் மால்ட் பொடிகளும் இந்தப் போலிகளின் இனத்தைச் சேர்ந்தவையே. அத்தகைய பானங்களை ஆரோக்கிய பானம் என்ற பிரிவில் விற்கலாகாதென்று 2024-ல் மத்திய வர்த்தக அமைச்சகம் இணைய வணிகர்களுக்கு எழுத நேர்ந்தது.

மெய்யான மார்க்கம்

நாக்கு பழகியது, பழகியதை மாற்றவும் முடியும். பிலடெல்பியாவின் மோனெல் ஆராய்ச்சி நிலையத்தார் 2016-ல் வெளியிட்ட ஒரு சோதனையில், சர்க்கரையை வெகுவாகக் குறைத்தவர்களுக்கு மூன்றாவது மாதத்தில் அதே பண்டம் முன்னைவிட அதிகமாக இனித்தது. பழைய உணவுக்குத் திரும்பியதும் அந்த மாறுதல் மறைந்தது. பொறுமையும் தொடர்ச்சியும் தேவை என்பதே இதன் பாடம். ஆகவே காப்பியிலும் தேநீரிலும் இரண்டு கரண்டியை ஒன்றரையாக்கி, சில வாரம் கழித்து ஒன்றாக்கி, பிறகு அரையாக்குவது பலருக்குச் சாத்தியமான வழி. இனிப்புப் பானங்களையோ ஒரேயடியாக நிறுத்திவிடலாம். நீர்மோரும் தண்ணீரும் அந்த இடத்தை நிரப்பும். மாலைப் பசிக்குப் பிஸ்கட் தட்டுக்குப் பதிலாகச் சுண்டலையோ வேர்க்கடலையையோ வைத்தால், நான்கு மணி என்னும் கட்டு தானே அவிழும். வீட்டில் இனிப்பை வாங்கிச் சேமித்துக்கொண்டு மனோதிடத்தால் வெல்ல முயல்வது வீண் பிரயத்தனம். கண்ணில் படாதது கையிலும் படாது. போதிய தூக்கமில்லாத மறுநாள் இனிப்பின்மேல் நாட்டம் மிகுகிறது என்பதால் தூக்கமும் இந்த வைத்தியத்தில் ஒரு மருந்தே. புட்டிகளின் பின்புறச் சிறு எழுத்தைப் படிக்கும் வழக்கமும் வேண்டும். டெக்ஸ்ட்ரோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின், சோளப்பாகு என்று வேறு வேறு பெயர்களோடு இருந்தாலும் உடலுக்குள் அவையும் சர்க்கரையே. பண்டிகைப் பாயசத்தையும் பொங்கல் கரும்பையும் விலக்க வேண்டிய அவசியமில்லை; தினசரி இனிப்பு நீங்கினால் விசேஷ நாளின் இனிப்புக்கு அதன் பழைய கௌரவம் திரும்பும்.

ஓர் எச்சரிக்கை. இன்சுலினோ சர்க்கரையைத் தாழ்த்தும் சில மாத்திரைகளோ உட்கொள்பவர்கள், மருத்துவரைக் கேளாமல் உணவைச் சட்டென்று மாற்றலாகாது. இரத்தச் சர்க்கரை அளவு மீறித் தாழ்ந்தால் அதுவே ஆபத்து. அவர்கள் சட்டைப்பையில் சிறிது சர்க்கரை வைத்திருப்பது பிழையன்று, அவசியம்.

இம்மாதிரி மாற்றங்களால் பலன் உண்டா என்பதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரனும் அவர் குழுவினரும் 2006-ல் வெளியிட்ட நீரிழிவுத் தடுப்பு ஆராய்ச்சியில், நோயின் வாயிலில் நின்றவர்களுக்குச் சர்க்கரையை விடுதல், உணவைத் திருத்துதல், நாள்தோறும் அரைமணி நடத்தல் ஆகியவற்றைப் போதித்தனர். மூன்று ஆண்டுகளில், போதனை பெறாதவர்களில் 55 சதவீதம் பேர் நோய்க்கு ஆளாக, போதனை பெற்றவர்களில் ஆளானவர் 39.3 சதவீதமே.

தனி மனிதனின் முயற்சிக்கு ராஜ்யத்தின் துணையும் தேவை. மெக்சிகோ 2014-ல் லிட்டருக்கு ஒரு பெசோ வரி விதித்ததும், முதலாண்டிலேயே இனிப்புப் பானங்களின் கொள்முதல் சராசரி 6 சதவீதம் குறைந்தது. பிரிட்டன் 2018-ல் சர்க்கரையின் அளவுக்கேற்ப வரி ஏற்றியதும், கம்பெனிகளே தங்கள் பானங்களில் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டன. சிலி நாட்டில் 2016 முதல் சர்க்கரை மிகுந்த பண்டங்களின் முகப்பில் கறுப்பு எண்கோண முத்திரை எச்சரிக்கிறது. நம் நாட்டிலும் 2025-ல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தன் பள்ளிகளில் சர்க்கரைத் தகவல் பலகைகளை வைக்கப் பணித்திருப்பது நல்ல ஆரம்பம். ஆனால் பலகைக்கு அப்பால், பொட்டலத்தின் முகப்பிலேயே எவரும் புரிந்துகொள்ளும் எச்சரிக்கை வரவேண்டும்.

இத்தனையையும் சீர்தூக்கிப் பார்க்குமிடத்து, சர்க்கரை விஷமுமன்று, போதையுமன்று. மலிவின் துணையால் அளவு மீறிய ஒரு பழக்கம் என்பதே நியாயமான தீர்ப்பாகத் தோன்றுகிறது. விஷமென்றால் அஞ்சி ஓட வேண்டும். போதையென்றால் சிகிச்சைக்குச் செல்ல வேண்டும். பழக்கத்துக்கோ அவ்விரண்டும் வேண்டாம். இல்லத்தில் காப்பி கலப்பவர் யாராயினும், இன்றைக்கு ஒவ்வொரு கோப்பையிலும் அரைக் கரண்டியைக் குறைத்துத் தொடங்குவாராக. குழந்தைகளுக்கு இரண்டு வயது நிறையும்வரை சர்க்கரை சேர்த்த உணவைக் கொடாதிருப்பாராக.